பெருக்கிய மரத்தடி

மலைக்காட்டில், ஓடைக்கு அந்தப் பக்கம், ஓர் இருவாச்சி ஜோடி வாழ்ந்தது. பெரிய மஞ்சள் அலகும் அதன்மேல் கொம்பு மாதிரி ஒரு புடைப்பும் உள்ள பறவைகள். அந்தக் காட்டுக்கே அவைதான் அழகு.

குஞ்சு பொரிக்கும் காலம் வந்தால் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் இருக்கும். ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியே ஊட்ட வேண்டும். அது வராவிட்டால் உள்ளே தாய்க்கும் பட்டினி, குஞ்சுக்கும் பட்டினி.

அதனால் காட்டில் ஒரு கட்டுப்பாடு. பொந்து அடைபட்டுவிட்டால் யாரும் ஓடையைத் தாண்டக் கூடாது. புலிகூடத் தாண்டாது! அந்தப் பொந்து மரத்தடியில் குடியிருந்த சருகுமானுக்கு மட்டும் விலக்கு. முயல் அளவே இருக்கும் மான் அது. இலை அசைந்தாலே ஓடி ஒளியும். அதனால் யாருக்கு என்ன தொல்லை?

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஓடைக்கு இந்தப் பக்கம் அத்திமரங்கள் காய்க்கவில்லை. மலையணில்களும் கருமந்திகளும் காய்ந்த இலையைக் கடித்துக்கொண்டு கிடந்தன. அப்போதுதான் நரி ஒரு யோசனையோடு வந்தது.

"கீழே சமவெளியில இருக்கிறவங்க இருவாச்சியப் பார்த்ததே இல்ல. நான் கூட்டிட்டு வரேன். வர்றவங்க கடலை கொண்டு வருவாங்க. நமக்கு வயிறு நிறையும்!"

"அதுக்கு ஓடையத் தாண்டணுமே, அண்ணே?" என்று மலையணில் கேட்டது.

"சும்மா பார்க்கத்தானே போறாங்க? பார்த்தா தேஞ்சா போயிடும்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குட்டிகள் பசியில் அழும்போது யாருக்குக் கட்டுப்பாடு நினைவிருக்கும்?

மறுநாளே கூட்டம் வந்துவிட்டது. ஆடுகள், வாத்துகள், வான்கோழிகள்! விளக்கம் சொல்ல ஊரிலிருந்து ஒரு கிளியை நரி அழைத்து வந்திருந்தது. காட்டுக்குள் அதுவரை கால் வைக்காத கிளி.

"கவனிங்க! இந்தப் பறவை முட்டையே போடாது. நேரா குஞ்சுதான்!" என்றது கிளி. மலையணில் சிரிப்பை அடக்கிக்கொண்டது. அதற்குக் கொடுத்திருந்த வேலை, வாயை மூடிக்கொண்டு மூட்டை சுமப்பது.

கருமந்திகளுக்கு வேறு வேலை. "விருந்தாளிங்க காலில தூசு ஒட்டக் கூடாது. விடியும்போதே மரத்தடியப் பெருக்கிடுங்க!" என்று நரி உத்தரவு போட்டது. மந்திகள் தழையை ஒடித்துப் பளிச்சென்று பெருக்கின. வந்தவர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

"காட்டுக்குள்ள இவ்வளவு சுத்தமா!" என்று வாத்துகள் மெச்சின. நரி மீசையை நீவிக்கொண்டது. கடலைப் பருப்பு நரிக்குப் போனது. தொலி மந்திகளுக்கு வந்தது.

காலையில் வந்த கூட்டம் பொழுது சாயும்வரை மரத்தடியிலேயே இருந்தது. இரண்டு நாள் இப்படிப் போயிற்று.

மூன்றாம் நாள் உச்சிவெயில். புதருக்குள் பதுங்கியிருந்த சருகுமான் மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓசைப்படாமல் மலையணிலிடம் போனது.

"அக்கா, இன்னிக்கி எத்தனை தடவை பெருக்கினாங்க?"

"விடியக்காலையில ஒரு தடவைதான். ஏன்?"

"அப்புறம் யாருமே பெருக்கலையா?"

"இல்லையே!"

சருகுமான் மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தது. "அக்கா, மரத்து மேல ஏறி, இருவாச்சி அண்ணன் எங்க இருக்காருன்னு பாருங்க. சீக்கிரம்!"

மலையணில் உச்சிக்கு ஓடியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவசரமாக இறங்கி வந்தது. "தூரத்து மரத்துல உட்கார்ந்திருக்காரு! தொண்டை நிறையப் பழம் வச்சிருக்காரு. பாதி தூரம் வராரு, கூட்டத்தப் பார்த்துட்டுத் திரும்பிடறாரு!"

இலை அசைந்தால் ஓடும் சருகுமான் அன்றைக்கு நேராகக் கூட்டத்தின் நடுவே போய் நின்றது.

"எல்லாரும் போயிடுங்க!"

"ஏய், விருந்தாளிங்க முன்னாடி மானத்த வாங்காதே! இடம் எவ்வளவு சுத்தமா இருக்கு, பாரு!" என்று நரி உறுமியது.

"அதுதான் அண்ணே பயமா இருக்கு! இந்த இடம் சுத்தமா இருக்கவே கூடாது! உள்ள இருக்கிறவங்க பழத்தத் தின்னுட்டு விதையக் கீழ துப்புவாங்க. விதை விழுந்தா அப்பா வந்துட்டுப் போயிருக்காருன்னு அர்த்தம். விடிஞ்சதுல இருந்து ஒரு விதைகூட விழல!"

கூட்டம் வாயடைத்துப் போனது. அந்த அமைதியில்தான் பொந்துக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. குஞ்சின் குரல். கத்தக்கூடத் தெம்பில்லாத குரல்.

முன்வரிசையில் நின்ற வெள்ளாடு இரண்டு குட்டிகளுக்குத் தாய். அதன் கண் கலங்கிவிட்டது. "இது தெரிஞ்சிருந்தா நாங்க வந்திருக்கவே மாட்டோமே! எங்ககிட்ட யாரும் சொல்லலையே!" என்றது. கிளி தலையைக் குனிந்துகொண்டது.

எல்லாரும் ஓடையைத் தாண்டி வந்து புதர்களுக்குப் பின்னால் காத்திருந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆண் இருவாச்சி வந்தது. மரத்தை இரண்டு முறை சுற்றியது. மெல்ல இறங்கி, கீறலுக்குள் அலகை நீட்டியது.

கொஞ்ச நேரத்தில் பெருக்கிய தரையில் ஒரு விதை வந்து விழுந்தது. அப்புறம் இன்னொன்று. பெருக்கிய மந்தி ஒன்று விம்மி விம்மி அழுதது.

மறுநாள் கூடிப் பேசினார்கள். "இனி வெளியாளு ஒருத்தரும் இந்தக் காட்டுக்குள்ள வரக் கூடாது!" என்றது அந்த மந்தி.

"அப்ப நம்ம குட்டிங்க என்னத்தத் தின்னும்?" என்று மலையணில் கேட்டது.

சருகுமான் தயங்கித் தயங்கிச் சொன்னது: "ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பாறை இருக்கு. அண்ணன் பழத்தோட பறந்து போறது அங்கேயிருந்து நல்லாத் தெரியும். வர்றவங்கள அங்க உட்கார வைப்போம். கூட்டிட்டு வர்றது நரியண்ணன் வேலை. விளக்கம் சொல்றது நம்ம வேலை. கடலை எல்லாருக்கும் பொது."

"பொந்தையே காட்டலைன்னா யாரு வருவா?" என்று நரி முகத்தைச் சுளித்தது.

வெள்ளாடு வந்தது! தன் இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்தது. விழும் விதைகளைப் பற்றி மலையணில் கதை கதையாகச் சொன்னது. குட்டிகள் மூச்சுவிடாமல் கேட்டன. திடீரென்று தலைக்கு மேலே இறக்கைச் சத்தம் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. குட்டிகள் அண்ணாந்து பார்த்தன. பின்னால் வந்த வாத்துகள் பேச்செடுத்தபோது, "உஷ்!" என்று அடக்கியது யார் தெரியுமா? நம்ம நரிதான்!

மழை பிடித்த வாரத்தில் பொந்தின் அடைப்பு உடைந்தது. தாயும் குஞ்சும் வெளியே வந்தன. போன வருஷக் குஞ்சுகளைவிட இந்தக் குஞ்சு மெலிந்திருந்தது. ஆனாலும் பறந்தது. ஓடையைத் தாண்டி, பாறையைத் தாண்டிப் பறந்தது.

மந்திகள் அந்த மரத்தடியைப் பிறகு ஒருநாளும் பெருக்கவில்லை. அடுத்த வருஷம் அங்கே கன்றுகள் முளைத்து நின்றன.

காட்டைக் காட்டிப் பிழைப்பதில் தவறில்லை. ஆனால் எவ்வளவு தூரத்தில் நின்று காட்ட வேண்டும் என்பதை அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.