வாசலில் ஒரு போர்டு

"ஊரே வருது சாமி. என் தம்பி மட்டும் ஏன் வரமாட்டேங்கிறான்?"

தவமணி இதைக் கேட்பது நாலாவது ஞாயிற்றுக்கிழமை. கயிற்றுச்சாமி மஞ்சள் கயிற்றை முழம் போட்டு வெட்டிக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்து முனியப்பன் கோயிலில் ஞாயிறுதோறும் குடியை விட நினைப்பவர்களுக்குக் கயிறு கட்டுவார்கள். கையில் கயிறு இருக்கிறவரை குடிக்கக் கூடாது. குடித்தே தீருவேன் என்றால் முதலில் கயிற்றை அறுத்துவிட வேண்டும். கஞ்சாவுக்கும் போதை மாத்திரைக்கும் அதே கயிறுதான்.

சாமி ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். தவமணியைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் அவள் அவரைத்தான் குருவாக நினைத்தாள். மெகாபோனைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்த் தொண்டை கட்டக் கத்துவாள். வருகிற கூட்டத்தில் பாதி அவள் நச்சரிப்பு தாங்காமல் வந்தது.

ஞாயிறு கட்டிக்கொண்டு புதன்கிழமை அறுக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அதனால் தை மாதம் கோயில் வாசலில் சிமெண்ட் போட்டு ஒரு போர்டு நட்டாள். எழுதியதும் அவளேதான்.

'கயிறு அறுத்தவர்கள் இந்த வாசலை மிதிக்கக் கூடாது.'

மாசியில் அவள் தம்பி சோலைராசு கயிற்றை அறுத்தான். அன்றைக்கு வீட்டைவிட்டுப் போனவன்தான்.

தாயில்லாத பிள்ளையை அவள்தான் வளர்த்தாள். அடுப்புச் சாம்பலைத் தரையில் பரப்பி, அவன் விரலைப் பிடித்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பான். சாயங்காலமானால் அவள் காது தெருமுனைக்குப் போய்விடும். குடித்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை, அந்தச் செருப்புச் சத்தம் கேட்டால் போதும் என்று கிடந்து தவிப்பாள். மெகாபோனில் இதையெல்லாம் சொல்ல முடியுமா?

"வெயில் ஏறுது சாமி. உள்ள வந்து உட்காருங்க."

"இங்கயே இருக்கேன் தாயி."

"தை மாசத்திலிருந்து இப்படித்தான் வெளியவே உட்கார்ந்திருக்கீங்க. கேட்டா காத்து வருதுங்கிறீங்க. எங்க வருது காத்து?"

சாமி சிரித்தார். இடது கையை நீட்டினார். மணிக்கட்டில் ஒரு பழைய கயிறு, நிறமே தெரியாமல் வெளுத்துக் கிடந்தது.

"இது எத்தனாவது கயிறு தெரியுமா?"

"முதல் கயிறு. வேற என்ன?"

"எட்டாவது. இதுக்கு முன்னாடி ஏழு கயிறு அறுத்திருக்கேன்."

தவமணி போர்டைப் பார்த்தாள். சாமி உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். வாசலுக்கு ஒரு முழம் வெளியே.

"உங்களுக்கா சாமி அதை எழுதினேன்?"

"என்னை விட்டுட்டு எழுதலையே."

அவர் மறுபடி கயிற்றை அளக்க ஆரம்பித்தார்.

"உன் தம்பி வாரா வாரம் வரான் தாயி."

"எங்க?"

சாமி ரோட்டைக் காட்டினார். எதிரே பஸ் ஸ்டாப், தகரக் கூரை, கீழே ஒரு சிமெண்ட் பெஞ்சு.

"பதினோரு மணி பஸ்ல இறங்குவான். நீ உள்ள எல்லாருக்கும் கயிறு கட்டிக்கிட்டு இருப்ப. கொஞ்ச நேரம் இந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான். அடுத்த பஸ்ல ஏறிப் போயிருவான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான்."

"அவன் வந்தா நான் வேண்டாம்பேனா? இம்புட்டுத் தூரம் வந்தவனுக்கு அந்த ரோட்டைத் தாண்டி வர என்ன?"

"அவனுக்குப் படிக்கத் தெரியுதே தாயி. யாரு சொல்லிக் கொடுத்தாங்களோ."

உள்ளே கயிற்றுக்காகக் காத்திருந்தவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. போர்டின் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். அது அசையவில்லை. நன்றாகத்தான் சிமெண்ட் போட்டிருந்தாள்.

மலைத் திருப்பத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

"சாமி, கடப்பாரை எங்க இருக்கு?"