ஆள்காட்டி கத்தாத மழை

ஒரு கண்மாய்க்குள்ள ஒரு ஆள்காட்டிக் குருவி முட்டை வச்சிருந்துச்சு. பேரு நெட்டைக்காலி. கண்மாய்க்குள்ளயான்னு கேக்காதீங்க. மாசி மாசம் கண்மாயில தண்ணி ஏது? வத்தி, வெடிச்சு, சரளைக்கல்லு பல்லைக் காட்டிக்கிட்டுக் கிடக்கும். அந்தக் கல்லுக்கு நடுவுல நாலு முட்டை. கூடு கிடையாது, குச்சி கிடையாது. முட்டையும் கல்லு நிறம். பக்கத்துல போய் நின்னாலும் தெரியாது, மிதிச்சாத்தான் தெரியும்!

அன்னைக்குக் காலையில முட்டைக்குள்ள இருந்து 'டொக் டொக்'னு சத்தம் கேட்டுச்சு. குஞ்சு ஓட்டைத் தட்டுது! பொழுது சாயுறதுக்குள்ள வெளிய வந்துரும். ஆள்காட்டிக் குஞ்சு வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கிற குஞ்சு இல்ல. வெளிய வந்து ஈரம் காஞ்சதும் எந்திரிச்சு நடந்துரும். அதுவரைக்கும் முட்டை பத்திரமா இருக்கணும், அவ்வளவுதான்.

"இன்னைக்கு ஒருநாள் பொறுத்துக்க. சாயங்காலம் நாம ஆறு பேரு!"ன்னு சொல்லிட்டு, புருசன் குருவி அடுத்த கண்மாய்க்குப் புழு பொறுக்கப் போயிருச்சு.

அது போன கொஞ்ச நேரத்துல மேகம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. முதல்ல நாலு தூத்தல். புழுதி மணம் எந்திரிச்சுச்சு. அப்புறம் சடசடன்னு பிடிச்சுக்கிச்சு மழை!

காடே கொண்டாடுச்சு. பனி முடிஞ்சு, வெயில் இன்னும் ஏறாத நேரம். புங்க மரம் அப்பத்தான் தளிர் விட்டிருக்கு. அந்தத் தளிர் மேல மழை விழுந்தா எப்படி மினுங்கும்! மைனாக்கூட்டம் குழித் தண்ணியில முங்கி முங்கி எந்திரிக்குது. மயிலு தோகையை விரிச்சு ஒரு சுத்து சுத்துது. தவளைங்க எந்த மண்ணுக்குள்ள கிடந்துச்சுகளோ, கச்சேரியே வச்சிருச்சுங்க.

எல்லாத்தையும் விட சந்தோசம் கோணக்கொம்பிக்குத்தான். அது ஒரு கிழட்டு எருமை. 'எருமை மேல மழை பெஞ்ச மாதிரி'ன்னு சொல்றாங்களே, அதைச் சொன்னவன் எருமையையும் பார்த்ததில்ல, மழையையும் பார்த்ததில்ல. அசையாம நின்னா உறைக்கலைன்னு அர்த்தமா? அனுபவிக்குதுன்னு அர்த்தம்! நாக்குல வெல்லம் கரையும்போது யாராவது குதிப்பாங்களா? அதோட கொம்பு கோணலான கதை தெரியுமோ? இளவயசுல ஒரு பனமரத்தைப் பார்த்து, "என்னைய விடக் கறுப்பா நீ?"ன்னு ஓடிப்போய் முட்டுச்சாம். மரம் நின்னுச்சு, கொம்பு வளைஞ்சுச்சு. அதுல இருந்து யாரையும் முட்டுறதில்ல, படுத்துக்கிறதோட சரி. பாருங்க, குருவியை மழையில விட்டுட்டு எருமை கொம்பைப் பிடிச்சுக்கிட்டுப் போறோம்!

நெட்டைக்காலி மட்டும் மேட்டுக்காட்டுப் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. மேட்டுக்காட்டுத் தண்ணியெல்லாம் ஒரு ஓடை வழியா கண்மாய்க்குள்ள வரும். வந்ததும் ரெண்டாப் பிரியும். பெரிய பிரிவு கிழக்கே பள்ளத்துக்குப் போகும். சின்னப் பிரிவு மேற்கே சரளைக்குப் போகும். முட்டை இருந்தது அந்த மேற்குச் சரளையில!

சின்னப் பிரிவுல செம்மண் தண்ணி நுரை தள்ளிக்கிட்டு வந்துச்சு. குருவியால முட்டையைத் தூக்கிட்டுப் போக முடியுமா? யாரையாவது கூப்பிடணும்.

கூப்பிட வாயைத் திறந்துச்சு. திறந்த வாய் அப்படியே நின்னுச்சு. கரையில, புங்க மரத்தடியில, கீரி செம்பட்டை உக்காந்திருந்துச்சு! வாலை மடிச்சு, மழைக்கு ஒதுங்கின பெரிய மனுசன் மாதிரி. ஆனா கண்ணு ஒதுங்கலை. கண்ணு கண்மாய் பூரா மேயுது.

ஆள்காட்டி வம்சத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டை ஒரு பக்கம் இருக்கும், கத்துறது இன்னொரு பக்கம் இருக்கும். ரெக்கை ஒடிஞ்ச மாதிரி தொங்கப் போட்டு நொண்டும். பகையாளி அது பின்னாலயே போவான். வானம் விழுந்தாத் தாங்கிக்கலாம்னு ஆள்காட்டி காலை மேல தூக்கிக்கிட்டுத் தூங்கும்பாங்க. அந்தப் புரளியைக் கிளப்பி விட்டதே ஆள்காட்டிங்கதான் போல. எல்லாரும் வானத்தைப் பார்த்தா, தரையில இருக்கிற முட்டையை யாரு பார்ப்பா?

கீரிகிட்ட அப்படி நடந்துக்கிட்டா சரிதான். நெட்டைக்காலி எல்லார்கிட்டயும் அப்படியே நடந்துக்கிச்சு. போன வருசம் நண்டு ஒத்தைக்கொடுக்கு, "ஏத்தா, முட்டையைக் கொஞ்சம் காட்டேன், ஆசையா இருக்கு"ன்னு கேட்டுச்சு. "கிழக்கே கருவேலங்கட்டைக்குக் கீழண்ணே"ன்னு அனுப்பி வச்சுச்சு. பாவம், நண்டு வேகாத வெயில்ல நடந்து, ஓடு காஞ்சு திரும்பி வந்துச்சு. எருமைகிட்டயும், "அக்கா, வடக்கே முட்டை இருக்கு, மிதிச்சுராதீங்க"ன்னு ஒரு பொய். அந்தப் பெரிய உடம்பு வெறும் மண்ணைச் சுத்திச் சுத்தி நடந்துச்சு.

அன்னைக்கும் ரெக்கை பழக்கத்துலயே போச்சு. நெட்டைக்காலி கிழக்கே பறந்து, கருவேலங்கட்டை மேல நின்னு கத்துச்சு. "ஐயோ! முட்டை! தண்ணி வருது! ஓடியாங்க!"

பள்ளத்துல சுகமா முங்கிக் கிடந்த எருமை எந்திரிச்சு வந்துச்சு. நண்டும் பக்கவாட்டுல ஓடி வந்துச்சு.

"எங்கடி முட்டை?"

நெட்டைக்காலி குரலை இறக்குச்சு. "இங்க இல்லக்கா. மேற்கே, சரளையில."

"இங்க நின்னு கத்திட்டு மேற்கேங்கிற?"

"கீரி பார்க்குதுக்கா!"

"போன வருசமும்தான் கீரி பார்த்துச்சு!"ன்னுச்சு நண்டு. "என் ஓடு காஞ்சதுதான் மிச்சம். நீ மேற்கேன்னா வடக்கேன்னு அர்த்தம். வடக்கேன்னா முட்டையே இல்லேன்னு அர்த்தம்!"

"சத்தியமாண்ணே!"

"போன வருசம் மழை மேல சத்தியம் பண்ணினே. பாரு, மழையே கேக்க வந்துருச்சு!"

எருமை பெருமூச்சு விட்டுச்சு. "போ தாயி. மாசியில இப்படி ஒரு மழை எப்பவாவதுதான் வரும். என்னைய முங்க விடு."

திரும்பிப் போய்ப் படுத்துருச்சு!

கீரிக்குக் காது கூர்மை. "மதினி மேற்கேங்குதா? அப்ப நான் வடக்கே போய்ப் பார்க்கிறேன்!"னு சிரிச்சுக்கிட்டே வடக்கே போச்சு. உண்மையைச் சொல்லியும் உறவும் நம்பலை, பகையும் நம்பலை. சிரிக்கிறதா அழுகிறதா?

நெட்டைக்காலி சரளைக்குப் பறந்துச்சு. தண்ணி முதல் முட்டையைத் தொட்டுருச்சு!

ஒரு கூழாங்கல்லை அலகுல கவ்வி முட்டைக்கு அடியில திணிச்சுச்சு. இன்னொண்ணு. இன்னொண்ணு. கல்லு ஏற ஏற முட்டை ஒரு நூல் உசரும். தண்ணி ரெண்டு நூல் உசரும். முட்டைக்குள்ள குஞ்சு தட்டுது. வெளிய தண்ணி தட்டுது. 'கொஞ்சம் பொறுங்கடா கண்ணுகளா, இப்ப வராதீங்க'ன்னு மனசுக்குள்ளயே சொல்லிக்கிச்சு. வாயில கல்லு இருக்கே, வாயால எப்படிச் சொல்லும்? தண்ணி கால் முட்டி வரைக்கும் வந்துருச்சு. ஒரு முட்டை மிதக்கப் பார்த்துச்சு. நெஞ்சால அமுக்கிக்கிட்டே இன்னொரு கல்லைத் தேடுச்சு.

கிழக்கே எருமைக்கு முங்கல் ருசிக்கலை. "ஏம்ப்பா ஒத்தைக்கொடுக்கு, இந்த மழையில ஏதோ ஒண்ணு குறையுதே? கஞ்சியில உப்புக் குறைஞ்ச மாதிரி?"

நண்டு கண்ணை வெளிய நீட்டிக் காது கொடுத்துச்சு. தவளை இருக்கு. மைனா இருக்கு. இடி கூட இருக்கு.

"பெரியாத்தா! ஆள்காட்டி கத்தலையே!"

இலை விழுந்தாக் கத்துவா. நிழல் ஆடினாக் கத்துவா. இவ்வளவு மழைக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கான்னா? எருமை எந்திரிச்சுச்சு. நண்டு அதோட வாலைப் பிடிச்சுத் தொங்கிக்கிச்சு. ரெண்டும் மேற்கே விரைஞ்சுச்சுங்க.

கறுப்பா ஒரு மலை மழைக்குள்ள இருந்து வர்றதை நெட்டைக்காலி பார்த்துச்சு. வாயில இருந்த கல்லைக் கீழ போட்டுச்சு.

"ஏண்டி, நிசமாவே இங்கதானா!"

"அக்கா, திட்டுறதை அப்புறம் திட்டுங்க! தண்ணியை மறிங்க!"

முட்டத் தெரியாத எருமைக்குப் படுக்கத் தெரியுமே! சின்னப் பிரிவோட வாயில குறுக்கே போய்ப் பொத்துன்னு படுத்துச்சு. தண்ணி முட்டிப் பார்த்துச்சு, முனகிப் பார்த்துச்சு, கடைசியில கிழக்கே திரும்பிருச்சு. கழுத்துக்கடியில ஒரு சந்து. நண்டு அதுல மண்ணை அள்ளி அடைச்சு, தன்னையும் சேர்த்துத் திணிச்சுக்கிச்சு.

"இவ்வளவுதான் வேலையா?"ன்னுச்சு எருமை. "படுத்துக் கிடக்கிறதுக்கா இந்தக் கூப்பாடு? வாரம் ஒருக்கா கூப்பிடு!"

நெட்டைக்காலிக்கு மூச்சு வந்துச்சு. வந்த மூச்சு பாதியில நின்னுச்சு.

கரை மேட்டுல செவப்பா ஒரு வாலு!

"என்ன மதினி, மழைச் சத்தம் மட்டும் கேக்குது, உன் சத்தத்தைக் காணோமேன்னு பார்த்தேன்"னு சொல்லிக்கிட்டே செம்பட்டை இறங்கி வந்துச்சு. "நீ வாயை மூடினா, வயித்துக்குக் கீழ ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

"அக்கா! விரட்டுங்க!"

"நான் எந்திரிச்சாத் தண்ணி வந்துருமேடி!"

"அண்ணே!"

"நான் நகர்ந்தா ஓட்டை விழுந்துரும் தாயி!"

கீரிக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. அவசரமே படலை. ஒரு அடி வச்சுச்சு. நின்னுச்சு. நாக்கால மூக்கை நக்கிக்கிச்சு. இன்னொரு அடி வச்சுச்சு.

நெட்டைக்காலியோட ரெக்கை தானாத் தொங்குச்சு. ஒரு நொண்டு நொண்டுச்சு.

"அந்தக் கூத்து பழசு மதினி!"ன்னு கீரி சிரிச்சுச்சு. "ரெக்கையை மடிச்சு வச்சுக்கிட்டு ஒதுங்கு."

அப்ப நெட்டைக்காலி, அதோட வம்சத்துல யாரும் செய்யாததைச் செஞ்சுச்சு. திரும்பிப் போய் முட்டை மேலயே நின்னுச்சு. நெட்டைக் காலை அகட்டி ஊனுச்சு. கழுத்தை நீட்டிக் கத்துச்சு.

"முட்டை இங்கதான் இருக்கு! நான் நிக்கிற இடத்துலயே இருக்கு! கீரியும் இங்கதான் இருக்கு! எல்லாரும் வாங்க!"

குளிச்சுக்கிட்டு இருந்த மைனாங்க தலையைத் தூக்குச்சுங்க. "பொய்யாத்தான் இருக்கும்"னு ஒண்ணு சொல்லுச்சு.

எருமை படுத்தபடியே கண்மாய் அதிரக் கனைச்சுச்சு. "நான் பார்த்துட்டேன்! நாலு முட்டை! உள்ள தட்டுது! வாங்கடி!"

எருமை பொய் சொல்லி யாரும் கேட்டதில்ல. மைனாக்கூட்டம் ஈரச் சிறகோட வந்து கீரி மேல விழுந்துச்சு. ஒண்ணு காதைக் கொத்துச்சு, ஒண்ணு வாலைக் கொத்துச்சு. மயிலு நனைஞ்ச தோகையை இழுத்துக்கிட்டே ஓடி வந்து ஒரு உதை விட்டுச்சு பாருங்க, கீரி உருண்டு போய்ச் சேத்துல விழுந்துச்சு! எந்திரிச்ச இடத்துல, படுத்துக் கிடந்த எருமையோட மூக்கு. அது ஒரு தடவை 'புஸ்'ஸுன்னு மூச்சு விட்டுச்சு, அவ்வளவுதான். "மழைக்கு ஒதுங்கத்தான் வந்தேன் மதினி!"ன்னு சொல்லிக்கிட்டே செம்பட்டை கரையேறி ஓடிப்போச்சு.

பொழுது சாயுற நேரம் மழை தூறலாச்சு. தூறலோட வெயிலும் அடிச்சுச்சு. காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம்பாங்களே, அந்த மாதிரி. ஒரு ஓடு விரிஞ்சுச்சு. அப்புறம் இன்னொண்ணு. நாலும் ஈரப் பஞ்சு மாதிரி வெளிய வந்து, கொஞ்ச நேரத்துல தள்ளாடி எந்திரிச்சு நின்னுச்சுங்க.

நண்டு சந்துல இருந்து எட்டிப் பார்த்துச்சு. "முட்டையைக் காட்டுன்னு கேட்டா, ஒரு வருசம் கழிச்சுக் குஞ்சைக் காட்டுறே! சரி போ, இதுவும் அழகாத்தான் இருக்கு."

அப்பத்தான் புருசன் குருவி பறந்து வந்துச்சு. "என்ன இது, ஊரே கூடியிருக்கு! இடத்தை யாருக்குடி காட்டினே?"

"எல்லாருக்கும்!"னுச்சு நெட்டைக்காலி.

"நான் எந்திரிக்கலாமாடி?"ன்னு எருமை கேட்டுச்சு.

"குஞ்சுங்க மேடு ஏறுற வரைக்கும் படுங்கக்கா."

"என்னைய எல்லாரும் எந்திரி எந்திரின்னுதான் சொல்லுவாங்க. படுன்னு சொன்ன ஒரே ஆளு நீதான்!"

குஞ்சுங்க ஒண்ணு பின்னால ஒண்ணா மேட்டுக்கு நடந்துச்சுங்க. நெட்டைக்காலி கடைசியா நடந்துச்சு. பாதி மேட்டுல நின்னு, கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து ஒரு துளி மழையைக் குடிச்சுச்சு. அப்பத்தான் அதுக்கு அன்னைக்கு மழையோட ருசி தெரிஞ்சுச்சு.

பகையாளிக்குச் சொல்ற பொய்யைப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் சொல்லிப் பழகினா, உசுரு தவிக்கிற நேரத்துல உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது.