‘ர’ வராத முயல்

காட்டில் உள்ள எல்லாமே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் முயலும் பேசியது. நன்றாகவே பேசியது. இன்றைக்கு முயலைப் பார்ப்பவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம். ஆனால் அணிலும் ஓணானும் பேசியபோது முயல் மட்டும் எதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கப்போகிறது?

கம்பங்கொல்லை ஓரத்தில், ஓர் இலுப்பை மரத்தடியில், மைனா டீச்சர் பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கே படிக்க வந்தவள்தான் முயல்குட்டி பூரணி. அவளுக்கு மற்ற எழுத்தெல்லாம் வந்தது. ‘ர’ மட்டும் வரவில்லை. ‘ற’வும் அதோடு சேர்த்தி. அந்த இடத்தில் ‘ல’ வந்து உட்கார்ந்துகொள்ளும். தன் பெயரையே பூலணி என்றுதான் சொல்வாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பேச்சு புரிந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கு வந்த முதல் நாளே வினை வந்தது. நமக்கு நிழல் கொடுப்பது எது என்று டீச்சர் கேட்டார். பூரணிக்குப் பதில் தெரியும். காதைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக எழுந்து, “மலம், டீச்சல்” என்றாள்.

அணில் சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து விழுந்தது. தவளைக்கு விக்கல் எடுத்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பூரணிக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கௌதாரிக் குஞ்சு அல்லி. பூரணி பேசும்போது அவள் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்ப்பாள். “மலம் எவ்ளோ உயலம் பாலு” என்று பூரணி சொன்னால், “ஆமா, மரம் ரொம்ப உயரம். உச்சியில ஏறினா என்ன தெரியும்?” என்று பேச்சை மேலே கொண்டுபோவாள். திருத்தினாள் என்றே தோன்றாது. அல்லியிடம் மட்டும் பூரணி நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசினாள்.

டீச்சரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல். சிரித்தவர்களை நன்றாகத் திட்டினார். இந்தக் குழந்தையைச் சரிசெய்தே தீருவது என்று அன்றைக்கே முடிவும் செய்தார். மைனாவுக்கு எந்தச் சத்தத்தையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே வந்துவிடும். வராதவர்கள் படும் பாடு அவருக்குத் தெரிய வழியில்லை. சரியாகச் சொன்னால்தான் பதில் கிடைக்கும் என்று பூரணிக்கு ஒரு சட்டம் போட்டார். ஒருநாள் அவள் “வயிலு வலிக்குது” என்று அழுதாள். “‘வயிறு’ன்னு சொல்லு, அனுப்புறேன்” என்றார் டீச்சர். பூரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை நின்றாள்.

அம்மா முயல் வந்து கெஞ்சிப் பார்த்தது. அவ என்ன சொல்ல வர்றான்னு கொஞ்சம் கேளுங்க டீச்சர், எழுத்து பின்னாடி வரும் என்றது. நாளைக்கு வெளியே போனால் இந்தப் பேச்சை யார் கேட்பார்கள் என்று டீச்சர் திருப்பிக் கேட்டார்.

பூரணி வார்த்தைகளைப் பொறுக்கிப் பேச ஆரம்பித்தாள். மரத்தை நெட்டைச் செடி என்றாள். ‘ர’ இல்லாத வார்த்தை கிடைக்காவிட்டால் சும்மா இருந்துவிட்டாள். பேச்சு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனது. பிள்ளை அடக்கமாகிவிட்டது என்று டீச்சர் சந்தோஷப்பட்டார்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரே ஒரு ‘ர’ உள்ள சின்ன வார்த்தையாக எடுத்துக்கொள்வோம், முயலாகப் பிறந்தவள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வார்த்தையாகவும் இருக்கட்டும் என்று ‘நரி’யைத் தேர்ந்தெடுத்தார். பூரணி எப்போது ‘நலி’ என்றாலும் வகுப்பே சேர்ந்து “நரி, நரி, நரி” என்று உரக்கச் சொல்லிக் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போனது. கத்துவதற்கு அனுமதி கிடைத்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது?

ஒரு முற்பகலில் பூரணி ஒன்றுக்குப் போவதற்காக வேலியோரம் போனாள். கம்புத் தாள்களுக்கு நடுவே நரி பதுங்கியிருந்தது. அவள் ஒரே ஓட்டமாக ஓடி வந்தாள்.

“டீச்சல், நலி. நலி, டீச்சல்.”

டீச்சரின் முகம் மலர்ந்தது. பாவம், தானாகவே பழகிப் பார்க்கிறாள் என்று நினைத்தார். “நல்ல பொண்ணு. நாக்கை மேல தூக்கித் தட்டு. ந-ரி.”

வகுப்பு முழுவதும் ராகம் போட்டது. “நரி, நரி, நரி.”

பூரணி கொல்லைப் பக்கம் கையை நீட்டினாள். கையெல்லாம் வேண்டாம், வாயால் சொல்லு என்றார் டீச்சர். அவள் மறுபடியும் “நலி” என்று அலறினாள். அலறலுக்கும் அதே பதில்தான் வந்தது. தாள்களுக்குள் இருந்த நரி முதலில் திடுக்கிட்டது. தன் பெயரை இத்தனை பேர் சேர்ந்து கூப்பிட்டால் யாருக்குத்தான் பயம் வராது? ஆனால் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தது. அப்புறம் சாவகாசமாக நடந்து வந்தது.

கடைசி வரிசையில் இருந்த அல்லி மட்டும் கத்துவதை நிறுத்தினாள். பூரணியின் கண்ணைப் பார்த்தாள். “எங்கே?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து கொல்லைப் பக்கம் திரும்பினாள்.

நரி அவளைக் கவ்விக்கொண்டு போனபோது வகுப்பு மூன்றாவது ‘நரி’யைச் சொல்லிக்கொண்டிருந்தது.

எல்லோரும் மூலைக்கொருவராகச் சிதறினார்கள். மரத்தடியில் நாலைந்து இறகுகள் கிடந்தன. டீச்சர் அவற்றைப் பார்த்தபடி நின்றார். அவர் எதிரே பூரணி நின்றாள். அவள் உதடு துடித்தது. நாக்கு மேலே எழுந்து தட்டியது.

“நரி, டீச்சர்” என்றாள். அட்சரம் பிசகவில்லை.

பூரணி பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மறுநாளிலிருந்து டீச்சர் அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். “எப்படி வேணும்னாலும் சொல்லு கண்ணு, நான் கேக்குறேன்” என்று அழுதார். இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகியிருக்கும் என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான். பூரணி உதட்டை அசைத்துப் பார்த்தாள், சத்தம் வரவில்லை. அவள் வளர்ந்து குட்டிகள் போட்டாள். அவற்றை நக்கிக் கொடுத்தாள், பால் கொடுத்தாள், ஒரு சொல்கூடப் பேசிக் காட்டவில்லை. பேசிக் கேட்காத பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? இன்றைக்கு இருக்கும் முயல்களெல்லாம் அவள் வழி வந்தவைதான்.

மேயாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் முயலின் வாயைக் கவனித்தால் தெரியும், அது ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். ஆபத்தைக் கண்டால் அது பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டும், ஏனென்றால் கால் தட்டுவதில் யாரும் பிழை பிடிக்க மாட்டார்கள். அன்று அந்த மரத்தடியில் தொடங்கியதுதான் இது. இன்றுவரை எந்த முயலும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.