வீட்டுக்குள்ளும் பேசாத பெண்கள்

இந்தக் கதைக்கு நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன், ஆறவில்லை.

நாகர்கோவிலில் ஒரு வாசகர் வட்டம். ஆண்டுதோறும் ஒரு நாவலுக்குப் பரிசு தருவார்கள். அந்த ஆண்டு இறுதிச் சுற்றுக்கு வந்தது கோலப்பன் எழுதிய ‘வெண்மதில் நகரம்’. வரப்போகும் கொடுங்காலம் ஒன்றைக் கற்பனை செய்யும் டிஸ்டோபியா வகை. அந்த நகரத்தில் பெண்கள் தெருவில் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம். வீட்டுக்குள் பேசலாம். கதாநாயகன் கலகம் செய்து சட்டத்தை ஒழிக்கிறான். கடைசியில் மேடை ஏறி, விடுதலையான பெண்களின் சார்பில் முழங்குகிறான்.

நடுவர்கள் மூவர். வட்டத்தின் தலைவர் தாணுமூர்த்தி, கல்லூரிப் பேராசிரியர் நல்லசிவன், பள்ளித் தமிழாசிரியை ஜெசிந்தா. பெண்ணிய நோக்கில் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று தாணுமூர்த்திதான் ஜெசிந்தாவைத் தேடிப்போய்ச் சேர்த்தார்.

மூவரும் கூடிப் பேசிய அன்று ஜெசிந்தா தாணுமூர்த்தியிடம் கேட்டார்: “அண்ணாச்சி, இதுல எந்தப் பொம்பளையாவது ஒரு வார்த்தை பேசுதாளா?”

“அதுதானே கதை, டீச்சர்! பேசக்கூடாதுன்னு சட்டம்லா?”

“அது தெருவுல. அடுக்களையில? கதாநாயகன் பொண்டாட்டி பரிமாறுதா, சிரிக்கா, தலையைக் குனியுதா. மீன்குழம்பு அடிபிடிச்சாக்கூட ஒருத்தி ‘ஐயோ’ன்னு கத்தமாட்டாளா? அந்தச் சட்டம் வாசப்படியோட நின்னுபோச்சு. உள்ள வந்து இவளுக வாயைப் பொத்தினது யாரு?”

தாணுமூர்த்தி சிரித்துவிட்டார். “நல்லா மடக்குதீங்க. ஆனா கோலப்பன் கெட்ட எண்ணத்துல எழுதுறவன் இல்ல.”

“கெட்ட எண்ணம்னு நானும் சொல்லல. வானத்தோட நிறத்தைக்கூட மாத்தி யோசிச்ச மனுசனுக்கு, யாரு உக்காந்து திங்கணும், யாரு நின்னு விளம்பணும்ங்கிறதை மட்டும் மாத்தத் தோணல. அதைச் சொல்லணும்.”

இருவர் ஆதரவில் பரிசு முடிவாயிற்று. ஜெசிந்தா தடுக்கவில்லை. தன் மாற்றுக் கருத்தை விழாவில் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டார். “தாராளமா! உங்களுக்கும் நேரம் உண்டு” என்றார் தாணுமூர்த்தி. மாடிப்படி இறங்கும்போது நல்லசிவன் தாழ்ந்த குரலில், “நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, டீச்சர். எனக்கு அது தோணவே இல்லை” என்றார்.

எங்கள் பக்கத்து விழாக்களில் பெண்களுக்கென்று வேலைகள் உண்டு. குத்துவிளக்கு ஏற்றுவது, சால்வைத் தட்டைப் பிடித்து நிற்பது, எல்லோரும் எழுந்து போகும்போது நன்றியுரை சொல்வது. அழைப்பிதழில் ஜெசிந்தா பெயருக்கு எதிரே நன்றியுரை என்று இருந்தது. கேட்டதற்கு, “அதுலயே உங்க கருத்தையும் சேர்த்துச் சொல்லிருங்க” என்றார் தாணுமூர்த்தி.

விழாவில் நல்லசிவன் நெடுநேரம் பேசினார். “வீட்டுக்குள் பேசத் தடையில்லை. ஆனாலும் பெண்கள் பேசுவதில்லை! அச்சம் அடுக்களை வரை புகுந்துவிட்டதை ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் காட்டிவிடுகிறார் கோலப்பன். நான் படிக்கும்போதே கவனித்தேன். எத்தனை நுட்பம்!”

அரங்கம் கைதட்டியது. கோலப்பன் முதலில் விழித்தார். பிறகு, “பேராசிரியர் சொன்னதை மனதில் வைத்துத்தான் எழுதினேன்” என்றார். அதற்கும் கைதட்டல். மூன்று நடுவர்களும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த நாவல் என்று அறிவித்தார் தாணுமூர்த்தி.

ஜெசிந்தா மைக்கைக் கையில் வாங்கியபோது பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. தாணுமூர்த்தி அருகில் வந்து, “டிபன் ஆறுது, டீச்சர். நன்றி மட்டும் போதும்” என்றார். ஜெசிந்தா நல்லசிவனைப் பார்த்தார். அவர் தன் சால்வையை மடித்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

டீச்சருக்குத் திமிர் என்று ஊர் பேசியது. “மைக்கைக் கையிலயே கொடுத்தோம். யாரு தடுத்தா? பேசாதது அவங்கதானே?” என்கிறார் தாணுமூர்த்தி.

இப்போது சொல்லுங்கள். பெண்களைப் பேசவிடாமல் எழுதிய கோலப்பனா, நேரத்தைப் பிடுங்கிய தாணுமூர்த்தியா, நல்லசிவனா, இல்லை மைக்கைக் கீழே வைத்த ஜெசிந்தாவேயா? ஜெசிந்தாவின் வாயை அடைத்தது யார்?

ஜெசிந்தா சொன்னதைக் கோலப்பன் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் திருந்தியிருப்பாரோ, சண்டைக்கு வந்திருப்பாரோ, தெரியாது. தாணுமூர்த்தி வாக்குத் தவறினார். அவர் பறித்தது நேரம்தான், அதை வேறெங்காவது தேடிக்கொள்ளலாம். நல்லசிவன் எடுத்துக்கொண்டது ஜெசிந்தாவின் வாக்கியத்தை. குற்றச்சாட்டைப் பாராட்டாக மாற்றிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஜெசிந்தா எவ்வளவு நேரம் பேசியிருந்தாலும், ‘சார் அழகாகச் சொன்னதையே இந்த அம்மா ஏன் கோபமாகச் சொல்கிறார்?’ என்றுதான் அரங்கம் கேட்டிருக்கும். எனவே என் விடை நல்லசிவன். அவர் நாற்காலியில் நான் இருந்திருந்தால், “இது டீச்சர் சொன்னது” என்று எழுந்து சொல்லியிருப்பேனா? ஆம் என்ற பதில் எனக்கு உடனே வரவில்லை. அதனால் அவர் குற்றம் குறைந்துவிடாது. அன்று அந்த மேடையில் ஜெசிந்தாவுக்கென்று மிஞ்சியிருந்தது அந்த நன்றி ஒன்றுதான். அதை ஜெசிந்தா அவர்களுக்குக் கொடுக்கவில்லை.