ஊசிமேட்டு மோதல் மேலாளர்

ஊசிமேட்டில் இரண்டு செல்போன் டவர்கள் உண்டு. ஒன்று கிழக்கே கோழிப்பண்ணைக்குப் பின்னால், இன்னொன்று மேற்கே அரிசி ஆலைக்குப் பக்கத்தில். இரண்டையும் ஓர் அறையில் உட்கார்ந்தபடியே ஆட்டிவைக்கலாம். முன்பெல்லாம் டவரை விற்றவனேதான் அதை ஆட்டிவைக்கும் புரோகிராமையும் விற்பான். இப்போது கதவைத் திறந்துவிட்டார்கள்; யார் வேண்டுமானாலும் புரோகிராம் எழுதி விற்கலாம். போன் கம்பெனி மூன்று இடங்களில் மூன்று புரோகிராம்கள் வாங்கியது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலையில் கெட்டி. சொன்னதைத் தவிர வேறு எதையும் செய்யாது என்று விற்றவர்கள் சத்தியமே செய்தார்கள்.

புரோகிராம் திரையில் யோசனை சொல்லும். 'சரி' என்று பொத்தானை அமுக்க ஒரு மனிதர் வேண்டும். புரோகிராமுக்குப் பொருத்தமான ஆட்களாகத் தேடிப் பிடித்தது கம்பெனி. அதில் நாம் குறை சொல்லவே முடியாது.

பிலோமினாவுக்கு மின்சாரம்: செலவை மிச்சம் பிடிக்க, ஆள் குறைந்த டவரை நிறுத்தித் தூங்க வைக்க வேண்டும். தாவூதுக்குக் கூட்டம்: நெரிசலான டவரிலிருந்து பாதிப் பேரை அடுத்த டவருக்குத் தள்ள வேண்டும். கோமதிநாயகத்துக்குச் சிக்னல்: யாருக்கு எந்த டவர் பலமோ, அவரை அங்கே மாற்ற வேண்டும்.

முதல் நாள் கிழக்கு டவரில் நெரிசல். தாவூது பாதிப் பேரை மேற்கே தள்ளினார். அங்கே சிக்னல் பலவீனம் என்று கோமதிநாயகம் அவர்களைக் கிழக்குக்கே திருப்பினார். மேற்கில் ஆள் குறைந்துவிட்டதே என்று பிலோமினா அதைத் தூங்க வைத்தார். தூங்குகிற டவரில் கூட்டமே இல்லை என்று கண்டு மகிழ்ந்த தாவூது, மறுபடியும் பாதி ஊரை அங்கே அனுப்பினார். மூன்று திரைகளிலும் பச்சை விளக்கு எரிந்தது. ஊரில் ஒருவராலும் பேச முடியவில்லை.

ஆட்டு வியாபாரி முத்துக்கருப்பு கடை ஸ்டூலை விட்டு அசையாதவர். அவருடைய போன் மட்டும் நாள் முழுக்கக் கிழக்கும் மேற்குமாக அலைந்தது. அவர் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார், "எங்களுக்குப் பரிபூரண சம்மதம், ஆனா..." என்றதோடு லைன் அறுந்தது. அந்த 'ஆனா'வை வைத்துக்கொண்டு குடும்பமே சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது.

மண்டல அதிகாரி வைத்தியலிங்கம் போனில் திட்டத்தான் பார்த்தார். லைன் கிடைக்காததால் ஜீப்பில் வந்து திட்டினார்.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இங்க கூப்பிடுவேன். பேச்சு பாதியில அறுந்துச்சுன்னா, அதுக்குக் காரணம் எவனா இருந்தாலும் சரி, அன்னைக்கே வேலை காலி. தயவு தாட்சண்யம் கிடையாது."

இதை விட்டால் மூவருக்கும் வேறு வேலை தெரியாது. இந்த வேலையும் தெரியாது என்பது வேறு விஷயம்.

போகிற போக்கில் அதிகாரி, கூட வந்திருந்த இசக்கியப்பனை மோதல் மேலாளராக நியமித்தார். "இவங்களுக்குள்ள மோதல் வராம பாத்துக்கய்யா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இசக்கியப்பன் பகல் முழுக்க நாற்காலி போட்டுக் கவனித்தார். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கோமதிநாயகம் தன் முட்டைப் பொரியலில் பாதியைத் தாவூதுக்கு வைத்தார். இசக்கியப்பன் பஸ் ஏறிப் போய் அதிகாரியிடம் சொன்னார்: "மோதலே கிடையாது சார். ரொம்பப் பாசமா இருக்காங்க."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "அவங்க மோதிக்கலய்யா. அவங்க போடற உத்தரவுதான் ஒண்ணோட ஒண்ணு மோதுது. ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டுப் பொத்தானை அமுக்கச் சொல்லு."

அன்றிலிருந்து கேட்டுக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, பாதி ஊரை மேக்க தள்ளட்டுமா?" என்றார் தாவூது.

"தாராளமா தள்ளுங்க பாய். நான் திருப்பிக் கொண்டாந்துருதேன்" என்றார் கோமதிநாயகம்.

"கொண்டாந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் தூங்க வச்சிருதேன்" என்றார் பிலோமினா.

எல்லாம் முறைப்படி நடந்தது. ஊர் முன்பு போலவே ஊமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் இசக்கியப்பன் கடைசி விதியைப் போட்டார். "யாரு முதல்ல அமுக்கணும்னு பேசி முடிவு பண்ணுங்க. முடிவாகுற வரைக்கும் ஒருத்தரும் பொத்தான் பக்கம் கை கொண்டுபோகக் கூடாது."

"வயசுல மூத்தவரு அண்ணாச்சி. அவரே அமுக்கட்டும்" என்றார் தாவூது.

"மரியாதைக்கு அது சரி. நீங்க தள்ளாம நான் யாரைத் திருப்ப?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"நான் தள்ளணும்னா ஒரு டவர் காலியா கெடக்கணும். யக்கா தூங்க வச்சாத்தானே அது காலியாகும்?"

"காலியாகாம நான் எப்படித் தூங்க வைக்க?" என்றார் பிலோமினா. "அழுத பிள்ளையத் தாலாட்டலாம். பேசிக்கிட்டு இருக்கிறவனத் தாலாட்ட முடியுமா?"

நியாயமான கேள்வி. மூவரும் அதில் மூழ்கிப்போனார்கள்.

யாரும் தொடாததால் இரண்டு டவர்களும் அதனதன் வேலையைப் பார்த்தன. ஊசிமேட்டில் போன்கள் பேச ஆரம்பித்தன. முத்துக்கருப்புக்கு மீதி வாக்கியம் வந்து சேர்ந்தது: "ஆனா, மாப்பிள்ளைக்கு ஆட்டுக்கறி ஆகாது." அவர் முதல் தடவையாக ஸ்டூலை விட்டு எழுந்தார்.

பத்து மணிக்கு இசக்கியப்பனின் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கே. என்னய்யா செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல சார். என்ன செய்யலாம்னு பேசிக்கிட்டு இருக்கோம்."

"பிரமாதம். உங்க நாலு பேருக்கும் சம்பளத்தை... இருங்க, எம்.டி. கூப்பிடறார்."

அவ்வளவுதான். பேச்சு பாதியில் அறுந்தது. பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டார்.

"யாரு அமுக்குனது?" என்றார் இசக்கியப்பன்.

"என் கை ரெண்டும் மடியில இருக்கு" என்றார் தாவூது.

"நான் டீ கிளாஸைப் பிடிச்சிருக்கேன்" என்றார் கோமதிநாயகம்.

பிலோமினா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். இசக்கியப்பன் கடைசியாகத் தன் கையையும் பார்த்துக்கொண்டார். அவர் முகம் வாடிவிட்டது.

"அந்தப் பக்கம்லா அறுந்திருக்கு. சார்தான் லைனைக் கட் பண்ணிருக்காரு" என்றார்.

"அப்போ காரணம் சாரா?" என்றார் தாவூது.

"எவனா இருந்தாலும் சரின்னு அவரு வாயாலயே சொன்னாரே" என்றார் கோமதிநாயகம்.

"தயவு தாட்சண்யம் கிடையாதுன்னும் சொன்னாரு. தங்கமான மனுஷன். அவருக்கா இப்படி வரணும்?" என்று பிலோமினா அழுதே விட்டார். எல்லோருக்கும் மனசு கனத்தது. ஆனால் உத்தரவு உத்தரவுதான்.

அன்றைக்கே காரியத்தை முடித்தார்கள். இசக்கியப்பன் தன் போனில் 'அதிகாரி' என்றிருந்த பெயரை அழித்து 'வெளியாள்' என்று மாற்றினார். வேலை நேரத்தில் வெளியாட்களோடு போனில் பேசக் கூடாது என்பது கம்பெனி விதி.

ஆக, மண்டல அதிகாரி பதவி காலி. அதில் யார் உட்காருவது என்று பேசினார்கள். "நீங்க உக்காருங்க அண்ணாச்சி" என்றார் தாவூது. "யக்கா இருக்கும்போது நானா?" என்றார் கோமதிநாயகம். "பாய்க்குத்தான் அந்தக் களை" என்றார் பிலோமினா. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முடிவாகும் வரை யாரும் பொத்தானைத் தொடுவதாக இல்லை. அதனால் ஊசிமேட்டில் போன் அத்தனை தெளிவாகக் கேட்கிறது.

வைத்தியலிங்கமும் விடாமல் கூப்பிடுகிறார். ஒரு தடவைகூட லைன் கிடைக்காமல் போனதில்லை. மணி கணீரென்று அடிக்கிறது. தாவூது எட்டித் திரையைப் பார்த்து, "வெளியாள்தான்" என்கிறார்.

"பாவம், வேலை கேட்டுக் கூப்பிடுதாரு போல" என்கிறார் பிலோமினா.