ஆமையின் வண்ணம் கேட்ட கீரி

கீரிக்கு ஆமையைக் கண்டாலே வயிறு எரிந்தது.

இரண்டும் ஒரே குளத்தங்கரையில் இருந்துகொண்டு படம் வரைந்தன. கீரிக்கு வால்தான் தூரிகை. விருட்டென்று ஓடும், விருட்டென்று பூசும். உச்சிப்பொழுதுக்குள் பலகையில் ஒரு மான் பாய்ந்துகொண்டிருக்கும். ஆமை அப்படியில்லை. கோரைப்புல் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு, ஒரே ஒரு தாமரை இதழுக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். பூசும், பார்க்கும், துடைக்கும், மறுபடி பூசும்.

இரண்டுக்கும் வண்ணம் அரைத்துக் கொடுத்தது முள்ளம்பன்றி. கீரிக்குக் கெட்டி வண்ணம். மண் அதிகம், எண்ணெய் கொஞ்சம். சீக்கிரம் இறுகிவிடும். ஆமைக்கு எண்ணெயைத் தாராளமாக விட்டு அரைத்த இளக்கமான வண்ணம். பத்து நாளானாலும் ஈரம் போகாது.

மழைக்காலம் நெருங்கியது. யானை எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னது: "என் குகைக்கு ஒரு படம் வேணும். பௌர்ணமியன்னைக்குக் காலையில வருவேன். எனக்குப் பிடிச்ச படத்தை வரைஞ்சவங்களுக்கு மேட்டுப் பாறைப் பொந்து!"

கீரி துள்ளியது. போன மழைக்கே அதன் வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இப்போது நான்கு குட்டிகள் வேறு. அந்தப் பொந்து கிடைத்தே ஆகவேண்டும். ஆமைக்கும் முட்டையிட ஈரமில்லாத இடம் வேண்டியிருந்தது.

கீரி பேசாமல் தன் மானை வரைந்திருக்கலாம். ஆனால் போகிற போக்கில் ஆமையின் பலகையை எட்டிப் பார்த்துத் தொலைத்தது. பனி மூடிய குளம்! தண்ணீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. மைனாக்கள் சுற்றி நின்று, "அடடா! அடடா!" என்று கத்தின. தன் மானுக்கு அவை எத்தனை 'அடடா' சொல்லியிருக்கின்றன என்று கீரி யோசித்துப் பார்த்தது. ஒன்றுதான்!

நேரே முள்ளம்பன்றியிடம் ஓடியது.

"அண்ணே! ஆமைக்குக் கொடுக்கிற வண்ணம்தான் எனக்கும் வேணும்!"

"அது உனக்கு ஒத்துவராது, தங்கச்சி. நீ பூசின இடத்துலயே உடனே பூசுறவ. அது காயுறதுக்குள்ள உன் வால் பத்து தடவை புரண்டுடும்."

"அவளுக்கு எண்ணெய், எனக்கு மட்டும் மண்ணா? ஓரவஞ்சனை!"

முள்ளம்பன்றிக்கு முள் சிலிர்த்தது. "இந்தா, எடுத்துட்டுப் போ!" என்று இளக்கமான வண்ணங்களைச் சிரட்டை சிரட்டையாக நீட்டிவிட்டது.

கீரி பலகையைத் தரையில் கிடத்தி வாலை முக்கியது. மஞ்சளில் மானை இழுத்தது. அதன் மேலேயே கறுப்பில் கொம்பு. இரண்டும் கலந்து சாணி நிறமாயின. அது காயும்வரை பொறுத்திருந்தால் சரியாகியிருக்கும். பொறுக்கக் கீரிக்குத் தெரியாதே! மேலே பச்சையை அப்பியது. மான் சேறாகிவிட்டது.

"அந்தச் சோம்பேறி மட்டும் எப்படித்தான் செய்யறா?" என்று பல்லைக் கடித்தது.

கடைசியில் மீதமிருந்த பழைய கெட்டி வண்ணத்தை வழித்தெடுத்து, அந்த ஈரத்தின் மேலேயே ஒரு மானை வரைந்தது. மேல்பரப்பு இறுகியது. மான் ஜோராக இருந்தது. "ஆமையே, ஒழிஞ்சே!" என்று கீரி சிரித்தது.

பௌர்ணமிக் காலையில் யானை வந்தது. ஆமையின் படத்தை நெடுநேரம் பார்த்தது.

"அழகுதான். ஆனா இந்தக் குளத்தைத்தான் குகை வாசல்ல நின்னு தினமும் பார்க்கிறேனே! ஓடுற மான் ஒண்ணு கிடைக்காதான்னுதான் வந்தேன். கீரி, உன் படத்தைத் தூக்கு!"

கீரி ஒரே தாவலில் ஓடியது. கிடத்தியிருந்த பலகையைத் தூக்கி நிறுத்தியது.

அடியில் ஈரம் அப்படியே இருந்தது. மான் மெல்லக் கீழே நழுவியது. முதலில் கால்கள் மடங்கின. பிறகு வயிறு சுருங்கியது. கடைசியில் கொம்போடு சேர்ந்து தரையில் சொத்தென்று விழுந்தது.

"இன்னொண்ணு வரையறேன், அம்மா! உச்சிப்பொழுதுக்குள்ள முடிச்சிடுவேன்!" என்று கீரி கதறியது. கெட்டி வண்ணச் சிரட்டையைக் கவிழ்த்துப் பார்த்தது. ஒரு துளிகூட இல்லை. முள்ளம்பன்றி புதிதாக மண் தோண்டி அரைக்க மூன்று நாளாகும்.

"சொன்ன நாள் இன்னைக்குத்தான்," என்றது யானை. குளத்துப் படத்தைத் துதிக்கையில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிற்று.

ஆமை மெதுவாகக் கீரியின் பக்கத்தில் வந்தது.

"உன் மானைப் பார்த்து நானும் பொருமியிருக்கேன், அக்கா. ஒரு தடவை உனக்குத் தெரியாம உன் வண்ணத்தைத் தொட்டு வரைஞ்சேன். ஒரு இதழ் முடியுறதுக்குள்ள தூரிகை பலகையோட ஒட்டிக்கிச்சு. அதோட விட்டுட்டேன்."

கீரி வாலில் ஒட்டியிருந்த வண்ணத்தைப் புல்லில் தேய்த்துத் துடைத்தது.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு, மேட்டுப் பாறையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கீரி வேறு இடம் தேடி அலைந்தது.

அடுத்தவர் கைக்கு வாகானதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர், தன் கைக்கு வரவிருந்ததையும் இழந்துவிடுவார்.