இருபது நாள் கெடாத கள்

மேலக்கணவாய்ச் சீமையை ஆண்ட விசயரங்க ராஜாவுக்குத் திடீரென்று ஒரு ஆசை. பட்டத்து யானைக்குத் தங்கத்தில் முகபடாம் போட்டுப் பார்க்கணுமாம். கஜானாவோ காலி. என்ன செய்வார் பாவம், கள்ளுக்கு வரியை ஏற்றினார். தண்டோராக்காரன் தெருமுனை திரும்பவில்லை, அதற்குள் கள்ளுக்கடை ஆவுடையப்பன் இரண்டு காசுக் கலயத்தை மூன்று காசாக்கிவிட்டான்.

யானை ஜொலித்தது. ஊருக்கு வயிறு எரிந்தது. சிப்பாய்கள் அணிவகுப்பிலேயே முணுமுணுத்தார்கள். அப்போதுதான் சபையில் வாயாடி என்று பேரெடுத்த குற்றாலம் சும்மா இல்லாமல், "வரியைப் பழையபடி இறக்குங்க மகாராஜா. விலை தானா இறங்கும், ஊரே உங்களை வாழ்த்தும்" என்று யோசனை சொன்னார். ராஜாவும் இறக்கினார்.

இருபது நாள் ஆயிற்று. வாழ்த்தைக் காதாரக் கேட்க ராஜா மாறுவேஷத்தில் கள்ளுக்கடைக்குப் போனார். திரும்பும்போது முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

"யோவ் குற்றாலம்! கலயம் இன்னும் மூணு காசுதான்! எனக்கு ஊர் வச்சிருக்கிற பேர் தெரியுமா? மூணு காசு மகாராஜாவாம்! என்கிட்டயே சொல்லிச் சிரிக்கிறானுங்கய்யா!"

"கடைக்காரனைக் கூப்பிட்டு நாலு சாத்து சாத்தினா..."

"சாத்தினா அவன் கடையைப் பூட்டுவான். கடை பூட்டினா என் படை என்னைப் பூட்டும். அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. பொழுது சாயறதுக்குள்ள விலை இறங்கணும். இல்லேன்னா யோசனை சொன்ன உமக்கு மொட்டை, கரும்புள்ளி செம்புள்ளி, கழுதை ஊர்வலம்!"

நாக்கைச் சும்மா வைத்திருந்தால் இந்த வம்பு வருமா? குற்றாலம் தன்னையே திட்டிக்கொண்டு கடைக்குப் போனார். உச்சிப்பொழுதுக்கே அங்கே திருவிழாக் கூட்டம்.

"என்ன அண்ணாச்சி, வரி இறங்கி இருபது நாளாச்சே. விலை இறங்கலையா?"

ஆவுடையப்பன் பதிலைத் தயாராகவே வைத்திருந்தான். "நான் என்ன சாமி பண்ணட்டும்? இது அத்தனையும் பழைய சரக்கு. கூடுதல் வரி கட்டி எடுத்தது. இது தீரட்டும், உடனே இறக்கிடறேன்."

"அத்தனையுமா?"

"ஒரு சொட்டு விடாம! என் குலசாமி மேல சத்தியம்!"

குற்றாலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கள்ளைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அப்படி ஒரு பழக்கம். சட்டென்று ஒரு பானையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றார்.

"ஊர்க்காரங்களே! ஆவுடையப்பன் அண்ணாச்சியைச் சந்தேகப்பட்டது நம்ம தப்பு! நீங்க குடிக்கிறது வரி இறங்குறதுக்கு முன்னாடி வாங்கின கள்ளு. இருபது நாள் பழசு! சத்தியமே பண்ணிட்டார்!"

கொடுவா மீசைச் சிப்பாய் ஒருவன் கலயத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தூர வைத்தான்.

"இருபது நாளா? காலையில இறக்கினது மறுநாளே புளிச்சுக் காடியாயிடுமே! அடப்பாவி, அதான் நேத்திலிருந்து வயிறு கடமுடாங்குதா?"

"என் காசைக் கொடு!"

"என் காசையும் எடுடா!"

கூட்டம் எழுந்துவிட்டது. ஆவுடையப்பன் பதறிப்போய் வாசலை மறித்தான். "ஐயோ, போகாதீங்க! இன்னிக்கு விடியக்காலம் இறக்கினது! நுரை கூட அடங்கலை, பாருங்க!"

"அப்ப குலசாமி?" என்றார் குற்றாலம்.

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்!"

"விடியக்காலம் இறக்கினதுன்னா இறங்கின வரிதானே கட்டியிருப்பீர்?"

ஆவுடையப்பன் கூட்டத்தைப் பார்த்தான். குற்றாலத்தைப் பார்த்தான்.

"ரெண்டு காசு," என்றான்.

கடை அதிர்ந்தது. கூச்சல் அரண்மனை வரைக்கும் கேட்டது. குற்றாலம் போய் நடந்ததைச் சொன்னதும் ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம் மனசை அரித்தது.

"அதெல்லாம் சரி. நான் வரியை ஏத்தினேனே, அன்னிக்குத் தண்டோராச் சத்தம் ஓயறதுக்குள்ள விலையை ஏத்தினானே! அப்ப மட்டும் அவன்கிட்ட பழைய சரக்கே இல்லையா?"

குற்றாலம் பவ்யமாகக் கைகட்டினார்.

"கள்ளோட குணமே அதுதான் மகாராஜா. வரி ஏறினா ஒரு நாழிகை தாங்காது. வரி இறங்கினா ஒரு மாசமானாலும் கெடாது."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கண்ணை மறைத்தது. அதைத் தூக்கி விடக்கூட நேரமில்லாமல், கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குற்றாலத்தின் மேல் எறிந்தார்.